தோற்றவன் கண்ணில் மாப்பிள்ளை

காதலில் வென்றவனைப் பற்றி அவனே அதிகம் பேசுவதில்லை. அவனுக்குத் தாலி கட்டும் வேலை இருக்கிறது. பிறகு அரிசி, சீனி, பிள்ளைக்குப் பால்மா என்று வேறு வேலைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தோற்றவனுக்கோ மாலை நேரம் முழுவதும் ஓய்வு. ஆகவே அவன் கவிதை எழுதுகிறான், கதை எழுதுகிறான், ஒன்றும் எழுத வராவிட்டால் சந்தியில் நின்று கதைக்கிறான். அவன் பேச்சில் ஒரு பாதி அவளைப் பற்றியது. மறு பாதி, அவளைக் கைப்பிடித்தவனைப் பற்றியது. முதற் பாதியைப் புலவர்கள் வேண்டிய மட்டும் ஆராய்ந்துவிட்டார்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்த மறு பாதியை.

இதை எழுத உமக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். 1963ஆம் ஆண்டில், மட்டக்களப்புப் புளியந்தீவில், இந்த வித்தையில் நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன். எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இனிக் கோபித்துக்கொள்ள யாரும் மிச்சமில்லை.

தோற்றவன் வரைகின்ற மாப்பிள்ளைப் படம் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே சாயலில்தான் இருக்கிறது. அந்த மனிதனுக்கு வயது சற்று அதிகம். பணம் உண்டு, அல்லது உத்தியோகம் உண்டு. இசை தெரியாது. நிலவைப் பார்த்தால் நாளை மழை வருமா என்று கேட்பான். சரத் சந்திரர் 1917இல் வெளியிட்ட ‘தேவதாஸ்’ நாவலில் பார்வதியை மணந்துகொள்கிற ஜமீன்தாரை நினைத்துப் பாருங்கள். வயது வந்த பிள்ளைகளுக்குத் தகப்பன், மனைவியை இழந்தவர். 1953இல் அக்கதை தமிழ்ப் படமாக வந்தபோது கொட்டகையில் அழுதவர்கள் எல்லாம் நாகேஸ்வரராவுக்காகவும் சாவித்திரிக்காகவும் அழுதார்கள். மனைவியின் உள்ளம் வேறெங்கோ இருக்க, பெரிய வீட்டில் தனியே உலாவிய அந்த மனிதருக்காக ஒருவரும் கண்ணீர் விட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இவ்வகைப் படங்களுள் உலகப் புகழ் பெற்றது ஜெர்மானிய மகாகவி கதே வரைந்தது. 1772ஆம் ஆண்டு, சட்டப் பயிற்சிக்காக வெட்ஸ்லார் என்னும் ஊரில் தங்கியிருந்த கதே, சார்லொட் புவ் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவளோ கெஸ்ட்னர் என்பவருக்கு நிச்சயிக்கப்பட்டவள். கெஸ்ட்னர் ஹனோவர் அரசின் தூதுக் குழுவில் செயலாளர். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் கச்சேரிக் கிளாக்கர். ஒழுங்கான மனிதர். கதேயை அவர் வெறுக்கவில்லை. நண்பராகவே நடத்தினார். சில மாதங்களில் கதே ஊரை விட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டு சார்லொட்டுக்கும் கெஸ்ட்னருக்கும் கலியாணம் நடந்தது.

1774இல் கதே ஒரு நாவலை வெளியிட்டார். ‘இளைஞன் வெர்தரின் துயரங்கள்’ என்ற அந்தச் சிறு நூலை ஐரோப்பாவே எடுத்து வைத்து அழுதது. அதில் நாயகியின் பெயரும் சார்லொட்தான். அவளை மணப்பவன் பெயர் அல்பேர்ட். நல்லவன், நேர்மையானவன், ஆனால் உணர்ச்சி வறண்ட மரக்கட்டை. புத்தகத்தைக் கையில் எடுத்த கெஸ்ட்னருக்கு எப்படி இருந்திருக்கும்! தம்மை இவ்வளவு அற்பமாகக் காட்டிவிட்டாரே என்று அவர் மனம் நொந்து கதேக்கு எழுதினார். கதே சமாதானம் சொன்னார். 1787இல் நாவலைத் திருத்தி வெளியிட்டபோது அல்பேர்ட்டின் குணத்தைச் சற்று உயர்த்தியும் வைத்தார். ஆனால் முதற் பதிப்பு வெளிவந்து அதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊருக்கெல்லாம் பரவிவிட்ட சித்திரத்தை அழிரப்பர் கொண்டு அழிக்க முடியுமா? கெஸ்ட்னரும் எழுதத் தெரிந்தவர்தாம். கடிதங்கள் பல எழுதியிருக்கிறார். ஆனால் அவற்றை யாருக்காக வாசிக்கிறோம்? கதேக்காக வாசிக்கிறோம்.

நம் சங்கப் புலவர்கள் இந்த விஷயத்தில் அதிக நாகரிகம் உடையவர்கள். அகப்பாட்டில் தலைவியைப் பெண் கேட்டு வேறொருவர் வருவதற்கு ‘நொதுமலர் வரைவு’ என்று துறை வகுத்திருக்கிறார்கள். நொதுமலர் என்றால் அயலார், அவ்வளவுதான். அவருக்கு முகமில்லை, வயிறு பெருத்திருக்கிறதா, தலை வழுக்கையா என்ற விசாரணையில்லை. தலைவிக்கு ஏற்கனவே ஒருவன் உண்டு என்ற உண்மையைத் தோழி செவிலிக்கு உணர்த்துவதற்கு வந்த ஒரு நெருக்கடி, அந்த அயலார். தலைவனுக்கும் வழி வைத்திருந்தார்கள். பனைமடலாற் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, ஊர் நடுவே அதில் ஏறி வருவேன் என்று அவன் மிரட்டலாம். தன்னைத்தான் நகைப்புக்கு இடமாக்கிக்கொள்வதே அந்த மிரட்டலின் வலிமை. அயலானை ஏசுவதற்கு அதில் இடமில்லை.

இனி மட்டக்களப்புக்கு வருகிறேன். இந்த நகைச்சுவைக்கும் எங்கள் வாவிக்கரைக்கும் ஒரு தனிப்பட்ட சம்பந்தம் உண்டு.

தமிழர் வாழும் இடங்கள் பலவற்றிலும் கலியாணம் முடிந்ததும் பெண் புக்ககம் போகிறாள். தோற்றவன் இரண்டு மாதம் தாடி வளர்க்கிறான், பிறகு அவளும் கண்ணிற் படுவதில்லை, அவனும் படுவதில்லை, காயம் ஆறிவிடுகிறது. மட்டக்களப்பில் அந்த வசதி கிடையாது. இங்கே குடி வழி தாயைப் பின்பற்றிச் செல்வது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறான். மட்டக்களப்பு முக்குவர் சட்டம் பற்றிக் கிறிஸ்தோப்பர் பிறிற்றோ 1876இல் ஒரு நூலே வெளியிட்டார். முதுசச் சொத்து மருமக்களுக்குச் சேர்ந்த அந்தப் பழைய ஏற்பாடு அதே ஆண்டில் வந்த கட்டளைச் சட்டத்தோடு செல்வாக்கு இழந்தது. ஆனால் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் சட்டப் புத்தகத்தைக் கேட்டு வந்ததுமில்லை. அது போனதும் போய்விடவுமில்லை. அக்கரைப்பற்றில் 1969 தொடங்கிப் பல தடவை தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது பெரிய நூலில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கு ஒருங்கே நிலைத்திருப்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இதனால் விளைவது என்ன? அவள் போகமாட்டாள். அதே வீடு, அதே கிணறு, அதே படலை. புதிதாக வந்து சேருபவன் அவன்தான். நீ காலையிற் கடைக்குப் போனால் எதிரே வருவான். கோயிலில் உனக்கு முன்வரிசையில் நிற்பான். அவள் முறை மச்சாளாகவும் இருந்துவிட்டால் இன்னும் மோசம். தமிழர் உறவுமுறைக் கணக்கில் மச்சாளைக் கட்டியவன் உனக்குச் சகோதர முறை. வயதில் மூத்தவனாயின் ‘அண்ணன்’ என்றே அழைக்க வேண்டும். கதே கூட அல்பேர்ட்டை அண்ணன் என்று அழைக்க வேண்டியிருக்கவில்லை!

இந்த வேதனைக்கு எங்கள் நாட்டார் ஒரு வடிகால் வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் கவி. வயலிற் காவற்பரணில் இரவைக் கழிப்பவனும், தோணி வலிப்பவனும், வண்டில் ஓட்டுபவனும் நீட்டி இழுத்துப் பாடும் நான்கடிப் பாட்டு அது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’த்தைப் புரட்டியவர்களுக்கு எங்கள் நாட்டுப் பாடல்களின் சுவை தெரிந்திருக்கும். ‘மச்சான்’, ‘மச்சி’ என்று கொஞ்சுவதும் கவியில்தான், குத்திக்காட்டுவதும் கவியில்தான். ஏசுவதை ஒரு கலையாகவே நாங்கள் வளர்த்திருந்தோம். கண்ணகி அம்மனுக்காக நடத்தும் கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து, வடம் பூட்டி இழுக்கும். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்களுக்குத் தோல்வி. இழுக்கும்போதே ஒரு சேரியார் மற்றச் சேரியாரைப் பாட்டாலே ஏசித் தள்ளுவார்கள். விளையாட்டு முடிந்தால் எல்லோரும் மறுபடி மாமன், மச்சான்தாம்.

மாப்பிள்ளையின் வழுக்கைத் தலையை எள்ளி நகையாடும் கவி ஒன்று மட்டக்களப்பிற் பிறந்தவர் பலருக்கும் மனப்பாடம். அதை இங்கே எழுதப்போவதில்லை; தெரிந்தவர்களுக்கு நினைவு வந்திருக்கும். உச்சியில் மிஞ்சியிருக்கும் நாலைந்து மயிருக்கு அந்தப் புலவன் கண்ட உவமை, கச்சான் அடித்து ஓய்ந்த காட்டில் எஞ்சி நிற்கும் மரங்கள். கச்சான் என்பது மேற்கிலிருந்து எங்கள் பக்கம் வந்து அடிக்கும் வறண்ட வெப்பக் காற்று. எழுதப் படிக்கத் தெரியாத யாரோ ஒருவர் கட்டிய பாட்டு என்கிறார்கள். எனக்கென்னவோ, அதைக் கட்டியவருக்குத் தலை நிறைய மயிரும் மனம் நிறையக் காயமும் இருந்திருக்கும் என்றே தோன்றும்.

அந்தக் கவியைத்தான் நான் 1963இல் வாவிக்கரையில் நின்று பாடினேன்.

எங்கள் மாமி, என் தகப்பனாரின் தமக்கை, புளியந்தீவில் இருந்தார். என் தகப்பனார் பிறந்த வீடே ஊர் வழக்கப்படி மாமிக்குச் சீதனமாகப் போன வீடு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சிறுவயது முதல் பள்ளிக்கூடம் விட்டால் நான் போய் நிற்பது அங்கேதான். மாமிக்கு ஒரே மகள். முறை மச்சாள். எங்கள் இருவரையும் சேர்த்துச் சொல்லியே ஊர் பழகிவிட்டது. நானும் அதைக் கேட்டே வளர்ந்துவிட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயதானபோது, எஸ்.எஸ்.சி. சித்தியடைந்து, வேலை எதுவும் கிடையாமல், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலு அனுப்பினால் ஒன்று வரும். பணம் வராது.

ஒரு நாள் மாமி வந்து தகப்பனாரிடம் சொன்னார்: “தம்பி, பொடியன் நல்லவன்தான். எண்டாலும் எழுத்தெண்டு திரியிறானே, அது அடுப்பெரிக்குமா?” தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். கச்சேரிக் கிளாக்கர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் மாமி வந்திருந்தார்.

அக்காலத்தில் மட்டக்களப்புக் கச்சேரி புளியந்தீவுக் கோட்டைக்குள்ளேயே இருந்தது. 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே கோட்டை. பீரங்கிகளுக்காக எழுப்பிய சுவருக்குள் காணிக் கோப்புகளும் மைக்கூடுகளும் வந்து சேர்ந்திருந்தன. மாப்பிள்ளை அங்கே எழுதுவினைஞர். ஊர், வாவிக்கு அப்பால் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். போடியார் குடும்பத்துக் கடைசி மகன். மண்முனைத்துறையிற் பாதையேறி வாவியைக் கடந்து வந்தார். (பாதை என்றால் வெளியூர் வாசகர்கள் தெருவென்று நினைத்துவிட வேண்டாம், வண்டில் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் நாட்டில் அதுதான் பெயர். அந்தத் துறையில் 2014இல் பாலம் வந்துவிட்டது.) பெண் பார்க்க வந்தவர் இரண்டு முட்டி எருமைத் தயிரும் கொண்டுவந்திருந்தார். அதைப் பற்றி நான் அன்று மாலை நண்பர்களுக்குச் சொன்ன விகடம் மூன்று நாட்கள் ஓடிற்று.

கலியாணம் ஆனது. என் தகப்பனார் பிறந்த வீட்டு விறாந்தையில் அவர் சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்தார். நான் அவரை ஆராயத் தொடங்கினேன். வயது முப்பத்தொன்று, நெற்றி ஏற்கனவே மேல்நோக்கிப் பிரயாணம் தொடங்கிவிட்டது. வெயிற் காலத்திலும் குடை. இடுப்பில் திறப்புக் கோவை. றலி சைக்கிளில் காலை எட்டு மணிக்குக் கோட்டைக்குப் புறப்படுவார்; தெருவில் ஒரு காக்கை கூட இல்லாதபோதும் மணியை அடித்துக்கொண்டே போவார். மாலையில் பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து கேள்விப்பத்திர அறிவித்தல் வரை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

இவற்றையெல்லாம் நான் கவியாகக் கட்டினேன். வாவிக்கரையில் மாலை வேளைகளில் எனக்கு நல்ல கூட்டம் இருந்தது. நானே கட்டியவை சுமாரானவை. ஆகவே முடிவில் அந்தப் பழைய கச்சான் கவியைப் பாடி முடிப்பேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அந்த ஆண்டுதான் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தையும் பார்த்தேன். ஸ்ரீதர் 1962இல் எடுத்த படம். பழைய காதலியின் கணவன் நோயாளியாக வந்து சேர, தோற்ற காதலனே டாக்டராக இருந்து அவனுக்குச் சத்திரசிகிச்சை செய்கிறான். அவனைக் காப்பாற்றித் தான் மாண்டுபோகிறான். டாக்டரின் இடத்தில் என்னை வைத்துக்கொண்டு நான் இரண்டு தடவை பார்த்தேன். எனக்குச் சத்திரசிகிச்சை தெரியாது என்பது அப்போது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

ஊருக்கு நான் சொல்லிக்கொண்ட கதை, மாமி அவளைக் கட்டாயப்படுத்திவிட்டார் என்பது. தோற்றவர்கள் எல்லோரும் சொல்லும் கதை இதுதான். பார்வதியையும் கட்டாயப்படுத்தினார்கள், கதைகளில் வரும் பெண்கள் அனைவரையுமே யாரோ கட்டாயப்படுத்துகிறார்கள். உண்மை எனக்குத் தெரியும். கலியாணத்துக்குப் பத்து நாள் முன்பு கிணற்றடியில் அவளிடம் நேரே கேட்டேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா என்னட்டக் கேட்டவ, மச்சான். நான்தான் ஓம் எண்டு சொன்னனான்.” அழவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “நீங்க கதை எழுதுங்க. எனக்கு வீடு வேணும்,” என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சம்பாஷணையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய குடையையும் திறப்புக் கோவையையும் பற்றி ஊர் சிரிக்கும் வரையில், அவள் ஏன் ஓம் என்றாள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. நானும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நான் ஓயாமல் பாடியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1964இன் தொடக்கத்தில் கிளாக்கர் ஒருவரை நையாண்டி செய்து நான் எழுதிய கதை ஒரு வாரப் பதிப்பில் வெளிவந்தது. சைக்கிள் மணி, குடை, தயிர்முட்டி எல்லாம் அதில் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுப் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம், போனேன். விறாந்தையில் பத்திரிகை விரிந்து கிடந்தது. “வாங்க தம்பி,” என்றார். “கதை பார்த்தன். மூன்றாம் பத்தியில அச்சுப் பிழையொண்டு கிடக்கு. ‘கோட்டை’ எண்டு வரவேண்டியது ‘கொட்டை’ எண்டு வந்திட்டுது. எழுதிப்போட்டா அடுத்த கிழமை திருத்தம் போடுவாங்க.” அவ்வளவுதான். தோள் கூடக் குலுங்கவில்லை. மச்சாள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

இந்த மனிதருக்குத் தன்னைக் கேலி செய்திருப்பது கூட விளங்கவில்லை என்று அதையும் ஒரு கவியாகக் கட்டினேன்.

பிறகு எனக்கும் ஆசிரிய நியமனம் கிடைத்தது. 1967இல் களுவாஞ்சிகுடியிற் கலியாணம் செய்துகொண்டேன். வழக்கப்படி நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். போன முதல் மாதத்திலேயே ஒன்று கவனித்தேன். சந்தியிலிருந்த கடையொன்றின் வாங்கில் ஒரு வாலிபன் நாள்தோறும் உட்கார்ந்திருப்பான். நான் பள்ளிக்கூடம் போகும்போது என்னைத் தலையிலிருந்து கால் வரை மெதுவாகப் பார்ப்பான். நான் கடந்து போனதும் பின்னால் சிரிப்புக் கிளம்பும். என் நடையையா, கண்ணாடியையா, கையிலிருந்த புத்தகக் கட்டையா, எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று கடைசி வரையில் எனக்குத் தெரியவில்லை. என் மனைவியிடம் ஒரு நாள் அந்தப் பையன் யாரென்று கேட்டேன். “அது எங்கட மச்சான் முறை,” என்று சொல்லிவிட்டு அவள் கறியைக் கிளறினாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. அடுத்த நாள் முதல் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

1978 நவம்பர் 23ஆம் தேதியை மட்டக்களப்பார் யாரும் மறக்கமாட்டார்கள். தாயாருக்குச் சுகமில்லை என்று நான் அன்று புளியந்தீவுக்கு வந்திருந்தேன். தகப்பனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இருட்டியபின் காற்று எழுந்தது. சிறிது நேரத்தில் அது காற்றென்று சொல்லும் அளவைக் கடந்துவிட்டது. எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பிறகு கூரை ஒரு பக்கமாக எழுந்து மறைந்தது. தாயாரைக் கட்டிலுக்குக் கீழே கிடத்தி, பாயால் மூடி, நான் பக்கத்திற் குந்தியிருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எப்போது என்று சொல்ல முடியாது. கதவிருந்த இடத்தில் ஒரு ரோர்ச் வெளிச்சம் தெரிந்தது. இடுப்பிற் கயிறு கட்டிய ஓர் உருவம் உள்ளே தவழ்ந்து வந்தது. “தம்பி, கயித்தின்ர மற்ற நுனியை நீங்க கட்டுங்க,” என்றது. பிறகு தாயாரிடம் குனிந்து, முறை பிசகாமல், “பெரியம்மா, என்ர முதுகில ஏறுங்க,” என்றது. இரண்டு தெரு தூரம். அந்த இரண்டு தெருவை எப்படிக் கடந்தோம் என்பது இன்றைக்கும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. விழுந்து கிடந்த பூவரசு ஒன்றைத் தாண்ட முடியாமல் அதன் கீழே புகுந்து போனோம். தாயார் வாய்விட்டு அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மாமி வீட்டுக் கூரையும் பாதி போய்விட்டது. ஆனால் நடு அறைக்கு மேல் அவர் அந்த ஆண்டு தொடக்கத்தில் தேக்கு வளை போட்டுப் பலப்படுத்தியிருந்தார். மச்சாளும் மூன்று பிள்ளைகளும் மாமியும் அக்கம்பக்கத்தார் சிலரும் அதற்குள் நெருங்கியிருந்தார்கள். நாங்களும் புகுந்துகொண்டோம்.

விடியும்போது காற்று அடங்கிவிட்டது. வெளியே வந்தோம். வாவிக்கரை முழுவதும் தென்னைகள் விழுந்து கிடந்தன. விழாதவை நின்ற கோலம் அதைவிடக் கொடுமை. ஓலையில்லை, குலையில்லை, வெறும் கம்பங்களாக அங்கொன்றும் இங்கொன்றும் நின்றன. அவர் உடைந்த படிக்கட்டில் உட்கார்ந்து தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். நாற்பத்தாறு வயது. உச்சியில் நாலைந்து மயிர் நனைந்து ஒட்டியிருந்தது. எனக்கும் அதைவிட அதிகம் இல்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சற்று நேரம் அந்த மரங்களைப் பார்த்தார். பிறகு தம் தலையை மெதுவாகத் தடவிக்கொண்டார்.

“மறுகா அந்தக் கவியை ஒருக்காப் பாடுங்க தம்பி,” என்றார். “காடு இப்பதான் சரியா நிக்குது.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது எப்போதும் போலத்தான் இருந்தது. தோள் மட்டும் குலுங்கிற்று.

பதினைந்து ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாடத்தான் நினைத்தேன். தொண்டையைக் கனைத்தேன். முதல் அடி வரவில்லை. உள்ளே நனைந்த விறகோடு மல்லாடிக்கொண்டிருந்த மச்சாள்தான் அதை எடுத்துக்கொடுத்தாள்.